பின்சீட்டுக்குக் கரண்ட்

மார்ச் 4, செவ்வாய்

மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். என் அறையில் என் கட்டில் இல்லை. அந்த இடத்தில் ஒரு மேசை, மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர் திரை, சக்கரம் வைத்த நாற்காலி. என் புடவை அலமாரிக்குமேல் ஏதோ ஒரு டப்பா பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருக்கிறது.

மகன் சொன்னான், "இனிமே வீட்லருந்தே ஆபீஸ் வேலைம்மா. உனக்கு ஹால்ல போட்டிருக்கேன் பாரு. காத்து பிச்சுக்கிட்டு வரும்."

கட்டில் சோபாவுக்குப் பின்னால் கிடக்கிறது. டிவி பார்க்க வருகிறவர்கள் எல்லாம் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மகள் வீட்டில் இருந்தவரைக்கும் தினமும் போன் செய்தானே. சாப்டியா, தூங்குனியா, மாத்திரை போட்டியா. இதை மட்டும் கேட்க வாய் வரலையா? ஒரு வார்த்தை. அம்மா, உன் ரூமை எடுத்துக்கட்டுமா? அவ்வளவுதானே?

மார்ச் 5, புதன்

இது மருமகள் வேலைதான். சந்தேகமே இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் நாற்காலிமேல் ஈரத்துண்டைப் போட்டவள். "தெரியாமப் போட்டுட்டேன் அத்தை" என்றாள். பச்சைத் துண்டு, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. எனக்கு எதுவும் மறக்காது.

மார்ச் 6, வியாழன்

காலையில் பையைக் கட்டினேன். "என்னைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்ட்ல விடு" என்றேன். "மீட்டிங்ல இருக்கேன்மா. வண்டில போய் உக்காரு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றான். வாசலில் நிற்கிற காரின் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். அதற்குள் எனக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் இல்லை. யாரும் காலைத் தாண்டவில்லை. பிறகு யோசித்தேன், மகள் வீட்டுக்கு மட்டும் எதற்குப் போக வேண்டும்? அங்கே அவள் மாமியார் எனக்குத் தட்டு வைக்கும்போது ஒரு மூச்சு விடுவாள், அது எனக்கு மட்டும் கேட்கும்.

"போலாமாம்மா?"

"எங்கயும் போகல. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இங்கயேன்னா?"

"இங்கயே."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சாயங்காலம்தான் அவன் சிரிப்பு நின்றது.

மார்ச் 7, வெள்ளி

குளிக்கக் கொள்ள உள்ளே போகிறேன். மற்றபடி வண்டியில்தான். சாப்பாடு மருமகள் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், பேசவில்லை.

வேகிறது. கண்ணாடியை இறக்கினால் கொசு. ஏற்றினால் புழுக்கம். முன்னால் சிகரெட் பற்ற வைக்கிற ஓட்டை ஒன்று இருக்கிறது, அதில் சின்ன ஃபேனைச் சொருகலாம் என்று மாடிவீட்டம்மா சொன்னாள். சொருகிப் பார்த்தேன். சுற்றவில்லை. சாவி போட்டால்தான் அதில் கரண்ட் வருமாம். சாவி அவன் சட்டைப்பையில்.

மார்ச் 8, சனி

மாடிவீட்டம்மா சொல்லி, வண்டிக்கு ஒயர் வேலை பார்க்கிற ஆள் வந்தான். காதில் டெஸ்டரைச் சொருகியிருக்கிறான், பேசும்போது அதை எடுத்து ஆட்டி ஆட்டிப் பேசுகிறான். டெஸ்டர் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"பாட்டி, பின்சீட்டுக்குத் தனியா கரண்ட் வேணுமா? தாராளமா இழுக்கலாம். ஆனா ரெண்டு விதம் இருக்கு. சாவி போட்டா மட்டும் வர்ற லைன் ஒண்ணு. எப்பவும் வந்துக்கிட்டே இருக்கிற லைன் ஒண்ணு. சாவி லைன்தான் நல்லது. பேட்டரி எறங்காது."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"சார்கிட்ட."

"அப்ப என் காத்தும் வெளிச்சமும் சாரோட பாக்கெட்லயா இருக்கணும்?"

டெஸ்டர் கொஞ்ச நேரம் வீட்டைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், என் தலையணையைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

"எப்பவும் வர்ற லைனே போட்டுடறேன் பாட்டி."

"பாட்டி கீட்டின்னு கூப்பிடாத. உனக்கும் எனக்கும் என்ன உறவு?"

"சரிங்கம்மா."

பானெட்டைத் திறக்கச் சாவி வேண்டாம், உள்ளேயிருந்து ஒரு பிடியை இழுத்தால் போதும். பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயர் எடுத்து, அதன் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மிதியடிக்குக் கீழே பின்சீட்டுவரை இழுத்தான். கறுப்பு ஒயரை வண்டியின் இரும்பிலேயே ஒரு போல்ட்டில் முடுக்கினான். என் முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு ஓட்டை வைத்த சாக்கெட். ஃபேன் சுற்றியது. புத்தகம் படிக்கிற மாதிரி ஒரு சின்ன விளக்கும் எரிந்தது. எனக்குப் படிக்க எதுவுமில்லை. இருந்தாலும் எரியட்டும்.

மகன் மீட்டிங் முடிந்து வெளியே வந்தபோது டெஸ்டர் பானெட்டை மூடிக்கொண்டிருந்தான்.

"என்ன நடக்குது இங்க?"

"வீட்டுக்கு ஒயரிங் சார்" என்றான் டெஸ்டர்.

மார்ச் 9, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். ஃபேன் நிற்கவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அவனுக்குத் தலைமை ஆபீசுக்கு நேரில் போக வேண்டிய நாளாம். கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்தான். "அம்மா, சாயங்காலம் வரைக்கும் வண்டி வேணும், இறங்கு." நான் எதற்கு இறங்க வேண்டும்? "நானும் வர்றேன், ஓட்டு" என்றேன். சாவியைத் திருப்பினான். டிக் டிக் என்றது, அவ்வளவுதான். பேட்டரியில் சொட்டுக் கரண்ட் இல்லை.

என் ஃபேன் குடித்துவிட்டதாம். அது என்ன குடிக்கிற ஜாதியா?

தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்றார்கள். அவன் உள்ளே உட்கார்ந்து கியர் போட வேண்டும், மருமகளும் எதிர்வீட்டுக்காரரும் பேப்பர் போடுகிறவரும் தள்ளினார்கள். "நீங்க இறங்குனா வண்டி கொஞ்சம் லேசாகும்மா" என்றார் எதிர்வீட்டுக்காரர். இறங்கினால் தோற்றதாகிவிடும். இறங்கவில்லை. தெரு முனைவரை தள்ளினார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது.

வண்டி கிளம்பியது. நானும் தலைமை ஆபீசுக்குப் போனேன். நாள் முழுக்க அவர்கள் கார் நிறுத்துகிற இடத்தில் இருந்தேன். அங்கே நிழல் நன்றாக இருக்கிறது. வாட்ச்மேன் நல்ல மனுஷர், உள்ளே போய் முகம் கழுவ இடம் காட்டினார்.

மார்ச் 12, புதன்

டெஸ்டரைத் திரும்பவும் வரவழைத்தேன். டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைத்தான். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இது ஒரு கதவு மாதிரிம்மா. இன்ஜின் ஓடுறப்பத் தொறக்கும், ரெண்டு பேட்டரியும் ரொம்பும். இன்ஜின் நின்னாச் சாத்திக்கும். உங்க ஃபேன் உங்க பேட்டரியத்தான் சாப்பிடும். சாரோட பேட்டரியத் தொடவே தொடாது."

"தனிக்குடித்தனம்னு சொல்லு."

"அதேதான். ஆனா ஒண்ணும்மா. வண்டி தினம் கொஞ்ச நேரமாவது ஓடணும். ஓடலேன்னா உங்க பேட்டரி ரொம்பாது."

இதை என்னிடம் சொல்லிவிட்டான். மகனிடம் யார் சொல்வது? நேற்றிலிருந்து நான் அவனிடம் பேசுவதில்லை. டெஸ்டரே உள்ளே போய் மீட்டிங் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தான். "சார் தலையில கை வச்சுக்கிட்டாரு" என்றான்.

மார்ச் 13, வியாழன்

சாயங்காலம் மகன் வந்தான். முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். ஊரைச் சுற்றினோம். அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மார்க்கெட்டைத் தாண்டி, ரயில்வே கேட்வரை போய், திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்தினான். இறங்கி உள்ளே போனான். நான் அங்கேயே இருந்தேன்.

பேட்டரி ரொம்பிவிட்டது.

மார்ச் 15, சனி

மூன்றாவது சவாரி. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"ஏம்மா, தெருவே சிரிக்குதும்மா."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

மார்ச் 16, ஞாயிறு

ஒரு கூரியர்க்காரர் வாசலில் நின்று யாரும் வராததால் வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். இனிமேல் எல்லா பார்சலும் என்னிடம்தான் வருமாம். மகன் ஆர்டர் செய்த ஹெட்போனை நான் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மருமகள் வேலைவிட்டு வந்து ஜன்னலருகே நின்றாள். வீட்டில் கரண்ட் இல்லை. ஏரியாவுக்கே இல்லை.

"அத்தை, போன் செத்துப்போச்சு. கொஞ்சம் உங்க லைன்ல சார்ஜ் போட்டுக்கட்டுமா?"

கேட்டாள். இந்த வீட்டில் யாரோ ஒருத்தர் என்னிடம் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபேனை அவள் பக்கம் லேசாகத் திருப்பினேன். லேசாகத்தான்.

போனைச் சாக்கெட்டில் சொருகினாள். பிறகு சொன்னாள், "அத்தை, அந்த ரூம் விஷயம். நான் சொன்னேன்னு நீங்க நினைக்கிறீங்க."

"நினைக்கல. தெரியும்."

"என் தையல் மெஷின் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. உங்க ரூம் மூலையில்தானே இருந்தது என்றேன்.

"பால்கனில இருக்கு. பிளாஸ்டிக் ஷீட் போத்தி. நீங்க ஊர்ல இருந்தப்ப ஒருநாள் சாயங்காலம் வர்றேன், மெஷின் வெளிய, மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது. அது இருந்த மூலையில ஆபீஸ் பெட்டிங்க. 'உனக்கு இப்ப தைக்கவே நேரமில்லையே'ன்னாரு. என்னைக் கேக்கல அத்தை. உங்களையும் கேக்கலன்னு நீங்க வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்."

அப்படியானால் இத்தனை நாள் நான் கோபப்பட்டது ஆள் மாறி. பச்சைத் துண்டுக் கணக்கு அப்படியே இருக்கட்டும், அது வேறு. இது வேறு.

மார்ச் 20, வியாழன்

டெஸ்டர் வந்தான். முன்சீட்டு இடப்பக்கம் இன்னொரு சாக்கெட். மருமகளுக்கு. கையில் பிடித்துத் தைக்கிற குட்டி மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறாள், அதற்கு. "அம்மா, இது டூ பெட்ரூம் ஆயிடுச்சு" என்றான் டெஸ்டர். கேட்காமலேயே மேல் கூரையில் நீல விளக்கு ஒட்டிவிட்டான், இலவசமாம். கேட்காமல் செய்வதில் இவனுக்கும் என் மகனுக்கும் போட்டி. கழற்றச் சொன்னேன். மருமகள், "இருக்கட்டும் அத்தை, அழகா இருக்கு" என்றாள். சரி என்றேன்.

மார்ச் 22, சனி

சாயங்காலச் சவாரியில் இப்போது மூன்று பேர். மகன் ஓட்டுகிறான், பக்கத்தில் மருமகள் கொர் கொர் என்று தலையணை உறை தைக்கிறாள், பின்னால் நான்.

"நீயுமா?" என்று அவளைக் கேட்டான்.

"மெஷினுக்கு இடம் இங்கதான் இருக்கு" என்றாள். நிமிரக்கூட இல்லை.

மார்ச் 24, திங்கள்

சிக்னலில் நின்றபோது அவனே ஆரம்பித்தான். இன்று மருமகள் வரவில்லை.

"கேட்டிருந்தா நீ வேணாம்னுதானேம்மா சொல்லியிருப்பே?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன்.

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு வாய் இருக்குல்ல? அதைத் தொறக்கக்கூட விடலையேடா நீ."

பச்சை விழுந்தது. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். அவன் நகரவில்லை. அடுத்த பச்சைக்குத்தான் நகர்ந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். புரிந்ததா, புரியவில்லையா? அவன் அப்பா மாதிரியே. அவருக்கும் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது.

மார்ச் 27, வியாழன்

மாடிவீட்டில் குளியலறைக்கு டைல்ஸ் மாற்றுகிறார்கள். காலையிலிருந்து துளை போடுகிற மெஷின் சத்தம். அது சரியாக என் பழைய அறைக்கு நேர்மேலே. எனக்கு வண்டிக்குள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, டெஸ்டர் என் லைனில் சேர்த்துவிட்ட ரேடியோவைக் கேட்டேன்.

சிரிக்கக் கூடாதுதான். சிரித்தேன்.

மார்ச் 31, திங்கள்

கோபம் இன்னும் தணியவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாசலுக்கு வந்தேன். என் இடத்தில் அவன். பின்சீட்டில், மடியில் கம்ப்யூட்டர், அதன் ஒயர் என் சாக்கெட்டில், என் ஃபேன் அவன் முகத்துக்கு நேரே, அவன் முதுகுக்குப் பின்னால் என் தலையணை. மாடியில் டைல்ஸ் சத்தம் தாங்காமல் வந்திருக்கிறான். திரும்பவும் கேட்கலை! இவ்வளவு நடந்தும் கேட்கலை! ஒரு அறையை எடுத்தான், இப்ப இதையும் எடுத்துக்கிட்டான். நான் இன்னும் எங்கே போவேன்? டிக்கிக்கா?

கண்ணாடியைத் தட்டினேன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான், ஒரு நிமிஷம் என்று. பெற்றவளுக்கு ஒரு விரல்.

முன்கதவைத் திறந்து உள்ளே குனிந்து ஹாரனை அழுத்தினேன். விடவில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்தது. மாடியில் துளை போடுகிறவரே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு அம்மா குரல். "என்ன சத்தம் அது? எங்க இருக்கீங்க நீங்க?"

"கார்ல மேடம்."

"வண்டி ஓட்டிக்கிட்டா மீட்டிங்ல இருக்கீங்க?"

"இல்ல மேடம்... எங்கம்மா ரூம்ல."

"காரா, ரூமா?"

"ரெண்டும்தான் மேடம்."

நான் ஹாரனை விட்டுவிட்டு இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினேன். திரையில் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் நிறைய முகம். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"நீங்கதான் மேடமா? நான் இவன் அம்மா. இவன் ஆபீசுக்காக என் ரூமை எடுத்துக்கிட்டான். நான் வண்டிக்கு வந்தேன். இப்ப உங்க மீட்டிங்குக்காக வண்டியையும் எடுத்துக்கிட்டான். ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. இவன் நாலாவது படிக்கிறப்பவே இப்படித்தான், என் குடையை எடுத்து யாருக்கோ குடுத்துட்டு வந்தான், நான் மழையில நனைஞ்சுக்கிட்டு—"

"அம்மா!" என்றான்.

"நீ சும்மா இரு. அவங்க கேக்கறாங்க."

உண்மையில் யாரும் கேட்கவில்லை. ஆனால் யாரும் நிறுத்தவும் இல்லை. குடைக்குப் பிறகு கட்டில், கட்டிலுக்குப் பிறகு சோபா, பேட்டரி, மருமகளின் மெஷின் நனைந்தது, எல்லாம் சொன்னேன். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒரு கட்டத்திலிருந்து ஒரு பையன், மீசைகூட சரியாக இல்லை, மெதுவாகச் சொன்னான்: "எங்கம்மா மாடிப்படிக்குக் கீழ இருக்காங்க."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "மீட்டிங்க நாளைக்கு வச்சுக்கலாம்" என்றாள். முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின. எல்லாம் இருட்டான பிறகு திரையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், நீல விளக்கின் கீழே. அவன் முகம் சிவந்திருந்தது. என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் கம்ப்யூட்டரில் விழுந்தது. துடைக்கவில்லை அவன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று சவாரி இல்லை. மகன் வீட்டுக்குள் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மருமகள் வந்து சொன்னாள், "அத்தை, மேசையை ஹாலுக்கு இழுத்துட்டு, கட்டிலை அவரே தனியாத் தூக்கி உங்க ரூம்ல போட்டுட்டாரு. இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. படுத்திருக்காரு."

"உன் மெஷின்?"

"உங்க ரூம் ஜன்னல் பக்கத்துல. உங்களுக்குச் சரின்னா. இல்லேன்னா வேற இடம் பாக்கறேன்."

"இருக்கட்டும். வெளிச்சம் அங்கதான் நல்லா வரும்" என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

அறையில் படுத்தேன். மூலையில் இன்னும் கொஞ்சம் ஒயர் கிடக்கிறது. காலை நீட்டினால் முழுசாக நீள்கிறது. பின்சீட்டில் இத்தனை நாள் மடக்கியே கிடந்ததில் முழங்காலுக்கு நீட்டுவதே மறந்துபோயிருந்தது.

மத்தியானம் மகன் வந்தான். உள்ளே வரவில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அம்மா."

"என்ன?"

"ஹால்ல டிவி சத்தம். வேலை ஓடலை." நிறுத்தினான். இவன் வேலைக்கு முதல்முதலாகப் போன அன்றைக்குக்கூட இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. "நான்... வண்டில உக்காந்து வேலை பாத்துக்கட்டுமா?"

வண்டி அவனுடையது. மாதாமாதம் கட்டி முடித்தவன் அவன். ஆர்.சி. புத்தகத்தில் அவன் பேர்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்டான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

நின்றான். "எப்பம்மா சொல்லுவே?"

"யோசிச்சு."

ஏப்ரல் 5, சனி

சரி என்று சொல்லிவிட்டேன். தலையணையை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். அது என்னுடையது.

ஏப்ரல் 9, புதன்

இந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று? வண்டியிலிருந்து போன் பண்ணிப் பண்ணிக் கேட்கிறான். ஃபேனை அவன் பக்கம் திருப்பிக்கொள்ளலாமா? நீல விளக்கைக் கழற்றலாமா? பின்கண்ணாடியில் திரை கட்டலாமா? டெஸ்டரைக் கூப்பிட்டு ரேடியோ லைனை மாற்றலாமா? மருமகளிடம், மெஷினுக்குப் பக்கத்தில் அவன் செருப்பை வைக்கலாமா என்று கேட்டானாம். இன்று காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட அவனுக்கு அனுமதி உண்டா என்று கேட்டான். நிம்மதியாக ஒரு வாய் டீ குடிக்க முடியவில்லை. உயிரை வாங்குகிறான்.

எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறேன். உடனே சொல்வதில்லை.